மணப்பாடு போகிறீர்களா? ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்: முழுமையான வழிகாட்டி

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு முடித்ததும், "அப்படியே மணப்பாட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று வண்டியைத் திருப்புகிறவர்கள் நிறைய. நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். உச்சி வெயில் நேரம். மணல் காலைச் சுட்டது, கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். குன்றின் மேல் ஏறி நாலு படம் எடுத்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். ஊரைப் பார்த்த மாதிரியே இல்லை. அடுத்த வருடம் பக்கத்திலேயே ஓர் இரவு தங்கி, மாலை நாலரைக்கு ஏறினேன், மறுநாள் விடியலில் மறுபடி ஏறினேன். அன்றைக்குத்தான் மணப்பாட்டைப் பார்த்தேன் என்று சொல்வேன்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு காலை என்ற கணக்கில் இருக்கிறது. இதைவிடக் குறைந்த நேரம்தான் உண்டு என்றால், மாலையை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் போகாதீர்கள்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியதும் வருகிற கடற்கரை ஊர் மணப்பாடு. மன்னார் வளைகுடாக் கரை. இந்தப் பகுதியில் கரை பெரும்பாலும் நேராக, தட்டையாக ஓடும். மணப்பாட்டில் மட்டும் நிலம் ஒரு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூக்கின் மேல் ஒரு குன்று, குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு.

இந்த மூக்குதான் ஊரின் அழகுக்கெல்லாம் காரணம். திறந்த கடலிலிருந்து வரும் அலை இதில் மோதி உடைகிறது. மறுபக்கம் அதன் மறைவில் தண்ணீர் குளம் போலக் கிடக்கிறது. படகுகள் அங்கேதான் வரிசையாக நிற்கும். கருமேனியாறு கடலைச் சேர்வதும் இங்கேதான். ஆற்று வாயில் மணல் திட்டு சேர்ந்து, உள்ளே உப்பங்கழியும் வெளியே கடலுமாக, நடுவே ஒரு மெல்லிய மணல் கோடு. மழைக்காலத்து வெள்ளமும் அலையும் இந்தத் திட்டை மாற்றி மாற்றி வரைந்துகொண்டே இருக்கும். போன வருடம் நீங்கள் நடந்த இடத்தில் இந்த வருடம் தண்ணீர் நிற்கலாம். பழைய படத்தை நம்பி "இங்கே நடந்து போகலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். கரையில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குன்றையும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அது கருங்கல் இல்லை. காற்று கொண்டுவந்து குவித்த மணல், சிப்பித்தூளின் சுண்ணாம்பு கரைந்து பசை போல் இறுகிப் பாறையான மணற்பாறை. கடல் பக்கம் இறங்கினால், ஏடு ஏடாக அடுக்கி வைத்த மாதிரி வரிகள் தெரியும். விரலால் தேய்த்தால் மணல் உதிரும். திருச்செந்தூர் கோயிலின் வள்ளி குகை இருப்பதும் இதே வகைப் பாறையில்தான். உதிர்கிற பாறை என்பதால் விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், பெயர் செதுக்கவும் வேண்டாம்.

எந்த மாதம் போவது

ஜனவரி முதல் மார்ச் வரை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். மழை ஓய்ந்திருக்கும், காலையில் லேசான குளிர் இருக்கும், பனையில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. பத்து மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆனால் அது விசைப்படகுகளுக்குத்தான். மணப்பாடு போன்ற நாட்டுப்படகு, ஃபைபர் படகு ஊர்களில் கரை ஓய்ந்துவிடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இந்தப் பக்கம் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை, வானிலையாகச் சொல்கிறார்கள். மலை இடைவெளிகள் வழியாக இறங்கி வரும் மேற்குக் காற்று, தேரி என்கிற செம்மணல் மேடுகளின் மணலை வாரிக்கொண்டு வரும். கண்ணாடி இல்லாமல் நடப்பது சிரமம், கேமராவுக்குள் மணல் போய்விடும். பட்டம் கட்டிப் பலகையில் கடலைக் கிழித்துப் போகும் கைட் சர்ஃபிங்காரர்கள் மட்டும் இந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள். அமைதியான கழியும் ஓயாத காற்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அவர்களுக்கு வரம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழைக்குப் பிந்தைய ஒரு தெளிந்த நாள் கிடைத்தால் அதைப் போல அழகு வேறில்லை. ஆனால் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. வானிலை அறிவிப்பில் ஆரஞ்சு, சிவப்பு என்று எதைப் பார்த்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்று கூட்டங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாள். அதற்கு முந்தைய நாட்களிலிருந்தே ஊர் நிறைந்திருக்கும். அடுத்தது குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குறவன், ராஜா, குரங்கு என்று வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள், சாலை நகராது. மூன்றாவது ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். மூன்றுமே வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியவை. ஆனால் மணப்பாட்டின் அமைதி வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து வருபவர்களுக்குச் சுலபம் செந்தூர் எக்ஸ்பிரஸ். எழும்பூரில் மாலை கிளம்பினால் மறுநாள் காலை திருச்செந்தூர். அதில் இடம் கிடைக்காவிட்டால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி, அல்லது நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து பேருந்திலோ திருச்செந்தூர் ரயிலிலோ வரலாம். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையை முடிந்தால் பகலில் பாருங்கள். தாமிரபரணி வயல், வாழைத்தோட்டம், அப்புறம் மெல்ல மெல்லப் பனை. நீர் எங்கே முடிந்து வறட்சி எங்கே தொடங்குகிறது என்பது சன்னலிலேயே தெரியும். விமானம் என்றால் தூத்துக்குடி வாகைக்குளம்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே உவரி, கன்னியாகுமரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் போக வேண்டும். ஊருக்குள் போகும் பேருந்துகள் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. பேருந்து நிலையத்திலேயே கேட்டு, திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரடிப் பேருந்து இல்லாவிட்டால், தெற்கே போகும் ஏதாவது வண்டியில் ஏறி "மணப்பாடு விலக்கு" என்று சீட்டு கேளுங்கள். இந்தப் பக்கத்தில் கிளைச்சாலை பிரியும் இடத்துக்கு விலக்கு என்றுதான் பெயர். அங்கிருந்து ஆட்டோ. குடும்பத்தோடு வருகிறவர்கள் திருச்செந்தூரிலேயே ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது. "இறக்கிவிட்டுப் போய்விடுங்கள்" என்று பேசாதீர்கள், இருட்டிய பிறகு திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

தங்குவது

மணப்பாட்டுக்குள் தங்குமிடம் மிகக் குறைவு. முன்கூட்டிப் பேசி உறுதி செய்யாமல் பையோடு போய் நிற்க வேண்டாம். திருச்செந்தூரில் எல்லா அளவிலும் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அது கோயில் ஊர். வெள்ளி, சனி, சஷ்டி, கிருத்திகை, விசாகம் என்றால் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். செவ்வாய்க்கிழமையும் கூட்டம்தான். திங்கள், புதன் நாட்கள் வசதி.

ஊருக்குள் தங்கினாலும் திருச்செந்தூரில் தங்கினாலும், விடுதியில் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்களா? திருச்செந்தூரில் இதற்குச் சிக்கலே இல்லை, அந்த ஊர் அதற்கு முன்பே விழித்துவிடும்.

முதல் நாள் மாலை: குன்றும் குகையும்

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்றரை, நாலு மணிக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். முதலில் குன்று.

ஏறுவதற்குக் கடினமே இல்லை, வயதானவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். கோயிலின் வாசலுக்கு வந்ததும் செருப்பை வெளியே விடுங்கள். இது ஊர் மக்கள் அன்றாடம் ஜெபிக்கும் இடம். உள்ளே யாராவது முழந்தாளிட்டிருந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். 1581-இல் கட்டப்பட்ட கோயில் இது. புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் இந்தக் கரையில் தப்பித்து ஒதுங்கியதாகவும், நேர்ந்துகொண்டபடி அதன் மாலுமி உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இந்தக் குன்றின் மேல் நட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். அந்தச் சிலுவையின் வழியில் வந்ததுதான் கோயிலும் திருவிழாவும்.

இந்த வரலாற்றை ஒரு பத்தியாவது தெரிந்துகொண்டு ஏறினால் ஊர் வேறு மாதிரி தெரியும். இது முத்துக்குளித்துறைக் கரை. முத்தும் சங்கும் குளித்த பரதவர்களின் ஊர்கள் வரிசையாக இங்கேதான் இருக்கின்றன. 1530களில் இவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள், கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து, ஊர் ஊராக நடந்து, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த குகை குன்றின் கடலோரத்தில் இருக்கிறது.

குகைக்குக் கட்டாயம் இறங்குங்கள். சின்ன இடம், குனிந்துதான் நுழைய வேண்டும். அவருக்கு முன்பு சைவத் துறவி ஒருவர் தவம் செய்த இடம் என்றும் சொல்கிறார்கள். வெளியே அலை இரைகிறது. உள்ளே வந்ததும் அந்த இரைச்சல் மழுங்கி, யாரோ பக்கத்து அறையில் மூச்சு விடுவது போல் ஆகிவிடும். நான் போன மாலையில் ஒரு பாட்டி மட்டும் அங்கே இருந்தார். ஜெபமாலையின் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரலில் நகர்ந்தன. ஒவ்வொரு மணிக்கும் ஓர் அலை உடைந்தது. எழுந்து போகும்போது, "தண்ணி குடிச்சியளா? குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்னது அங்கிருக்கும் கிணற்றைத்தான். உப்புக்கடல் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது, தண்ணீரோ நல்ல தண்ணீர். திருச்செந்தூர் நாழிக்கிணறும் இதே மாதிரிதான். மழைநீர் மணலிலும் மணற்பாறையிலும் ஊறி இறங்குகிறது. உப்புநீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. அந்தப் படலத்தைத் தாண்டாத ஆழத்துக்குத் தோண்டினால் நல்ல தண்ணீர், இன்னும் கொஞ்சம் தோண்டினால் உப்பு. கடற்கரை மக்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருந்தார்கள்.

குகையிலிருந்து மறுபடி மேலே ஏறும்போது மணி ஐந்தரை ஆகியிருக்கும். இப்போது கடலைப் பார்க்காமல் ஊர் பக்கம் திரும்பி உட்காருங்கள். சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கும். கழித் தண்ணீர் முதலில் வெள்ளி, பிறகு செம்பு, அப்புறம் கருநீலம். ஓட்டு வீடுகளும் கோபுரங்களும் நிழலுருவாகும். ஒரு தோள் பக்கம் அலைச்சத்தம், இன்னொரு தோள் பக்கம் சத்தமே இல்லாத தண்ணீர். வடக்கே பார்த்தால் கல்லாமொழியில் எழும்பும் உடன்குடி அனல்மின் நிலையமும் அதன் நிலக்கரி இறங்குதளமும் தெரியும். படத்தில் அதை வெட்டிவிடலாம், கண்ணிலிருந்து வெட்ட முடியாது. இந்தக் கரை என்னவாகப் போகிறது என்ற கவலை எனக்கு அங்கே உட்காரும்போதெல்லாம் வருகிறது.

முழுதாக இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

மறுநாள் விடியல்: கரை

ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். சூரியன் கடலிலிருந்து எழும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி படகுகள் கரையேறுவதுதான்.

இருட்டோடு போன ஃபைபர் படகுகள் காலையில் ஒவ்வொன்றாகத் திரும்பும். தூரத்தில் ஒரு புள்ளி, அப்புறம் எஞ்சின் சத்தம், அலை முதுகில் ஏறும் நேரம் பார்த்து ஒரு முடுக்கு, படகு மணலில் சறுக்கி ஏறி நிற்கும். உடனே நாலைந்து பேர் தோள் கொடுப்பார்கள். வலையை உதறி மீனைக் கழற்றும் வேலை தொடங்கும். சாளை என்றால் வலை முழுக்க வெள்ளிக்காசு தொங்குவது போல இருக்கும். சீலா, ஊளி, பாறை, விளமீன், கணவாய் என்று அன்றைய பாடு, அதாவது வலையில் கிடைத்தது, எப்படியோ அப்படி. கூறு போட்டு ஏலம் நடக்கும். ஏலக்காரரின் வாய் ஓடும் வேகத்தில் விலை ஏறுவது முதலில் புரியாது. கொஞ்ச நேரம் நின்றால் காது பழகிவிடும். வாங்குகிறவர் வாயே திறக்க மாட்டார், தலையை லேசாக அசைப்பார், முடிந்தது.

இங்கே சில ஒழுங்குகள் உண்டு. வலையை மிதிக்கவே கூடாது. நான் ஒருமுறை படம் எடுக்கும் ஆர்வத்தில் பின்னால் நகர்ந்தபோது, "தம்பி, வலைய மிதிச்சிராதிய" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கோர்த்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரே உட்கார்ந்து ஊசியை எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து கரையில் நடக்கும்போது என் கண் தரையில்தான். அதேபோல் படகின் மேல் கேட்காமல் ஏறாதீர்கள், செருப்போடு ஏறவே ஏறாதீர்கள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் போகாதீர்கள். முகத்தைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். "அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். மீன் விற்கும் அக்காமார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனால் இந்தக் காட்சி கிடைக்காது. இந்தக் கரையின் கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு தொழிலுக்கு ஓய்வு. அன்று பூசை நேரத்தில் ஊரே கோயிலில் இருக்கும்.

மீன் வாங்க ஆசை என்றால் ஐஸ் பெட்டி கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் கருவாட்டோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

தண்ணீரில் இறங்கும் முன்

இதை மட்டும் தயவுசெய்து அவசரமாகப் படிக்காதீர்கள்.

திறந்த கடல் பக்கம் குளிக்காதீர்கள். பாறை மறைந்து கிடக்கும், பாசி வழுக்கும், இழுவை இருக்கும். அமைதியாகத் தெரியும் பக்கத்திலும் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முழங்கால் அளவுக்கு இறங்கினால் போதும். ஆற்று வாய் அருகே மணல் திடீரென்று ஆழமாகிவிடும். நீச்சல் தெரியும் என்பது குளத்தில் கற்ற தைரியம், கடலுக்குப் போதாது.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயலின் அலை, இங்கே காற்றோ மேகமோ எதுவும் இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரைக்கு வந்த ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட ஒரு நாளில்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது, செய்திகளில் "கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி கடற்கரைக்கு எச்சரிக்கை" என்று வரும். போகும் நாளில் அதைப் பாருங்கள். கொடுத்திருந்தால் கரையிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

தவறி இழுவையில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்டாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

ஊருக்குள் ஒரு நடை

எட்டு மணிக்கு மேல் தெருக்களில் நடங்கள். பரிசுத்த ஆவி கோயில், புனித யாகப்பர் கோயில் என்று குன்றின் மேல் உள்ளதோடு சேர்த்து மூன்று கோயில்கள். பழைய பெரிய வீடுகளைப் பார்க்கும்போது ஒரு மீன்பிடி ஊரில் இத்தனை பெரிய தூண்களும் மாடங்களும் எப்படி என்று தோன்றும். கடல் வணிகமும் கொழும்பு வியாபாரமும் கட்டிய வீடுகள் அவை. பல பூட்டிக் கிடக்கின்றன. திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கதவுகளும் உண்டு. எட்டிப் பார்த்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வீடு.

பனை ஓலையில் பெட்டி, கூடை, தட்டு முடையும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கூட்டுறவாகவும் செய்கிறார்கள். எங்கே வாங்கலாம் என்று கோயில் பக்கம் கேட்டால் காட்டுவார்கள். வாங்கினால் ஊர்க்காரரிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பெட்டிக்குக் குருத்தோலையை வெட்டி, காயவைத்து, ஈர்க்கு கிழித்து, சாயம் ஏற்றி, முடைந்து முடிக்க ஆகும் உழைப்பு அந்த விலையில் பாதிகூடத் தெரியாது.

பனங்காடும் தேரியும்

மதியம் வெயிலேறும் முன் இன்னும் இரண்டு இடங்கள் பார்க்கலாம்.

பதநீர்க் காலமாக இருந்தால், உடன்குடிச் சாலையில் காலையிலேயே நிறுத்திக் குடியுங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கியதுதான் பதநீர். அந்தச் சுண்ணாம்பு புளிக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. பனை ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து, அதில் ஊற்றித் தருவார்கள். பட்டையை வாயில் வைத்ததும் முதலில் வருவது பச்சை ஓலையின் வாசம், அப்புறம் லேசான புகை, அதன் பின்னால்தான் இனிப்பு. நுங்கு போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். வெயில் ஏறினால் ருசி மாறிவிடும், பத்து மணிக்கு மேல் தேடாதீர்கள்.

அந்தப் பதநீரை விடிலி என்கிற ஓலைக்குடிசையில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் பெரிதானதும் கலப்படமும் வந்துவிட்டது, சீனி கலந்து காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிப் பரல் மாதிரி மின்னினால் விட்டுவிடுங்கள். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சுக்கும் ஏலக்காயும் போட்ட சில்லுக்கருப்பட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தேரி இன்னொரு உலகம். கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனாலே மணல் வெள்ளையிலிருந்து ரத்தச் சிவப்பாகிவிடும். மணல் பரலின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்த நிறம் அது. குதிரைமொழித் தேரி பகுதியில் பனை, முந்திரி, உடைமரம் தவிர வேறு எதுவும் கண்ணில் படாமல் மேடும் பள்ளமுமாக நீளும். காற்றுக்காலத்தில் மேடுகள் இடம் மாறும். தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், பக்கத்தில் வற்றாத சுனை, பெரிய மர நிழல். செம்மணல் சுட்டெரிக்கும் நேரத்தில் அந்த நிழலில் நுழைந்தால் இறங்கும் குளிர்ச்சிக்காகவே போகலாம். தேரிக்குள் வழி தெரியாமல் வண்டியை விடாதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். உள்ளூர் ஓட்டுநர் வேண்டும்.

கையில் எடுத்துப்போக

தொப்பி, கண்ணாடி, ஒரு பருத்தித் துண்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சில்லறைப் பணம், ஏனென்றால் ஓலைப்பெட்டி விற்கும் பாட்டியிடம் ஸ்கேன் செய்யும் அட்டையை எதிர்பார்க்க முடியாது. கோயிலுக்குள் போகத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. விடியலில் நடக்கக் கைவிளக்கு. காலி பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டுப் பணிகள் நடக்கின்றன, கடலோரக் காவலும் உண்டு. ஒரு படத்துக்காகக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டாம்.

கிளம்பும்போது

நேரம் இருந்தால் வந்த வழியே திரும்பாதீர்கள். தெற்கே போனால் பெரியதாழை, அதைத் தாண்டி உவரி. கப்பல் மாதா கோயில், அந்தோணியார் கோயில், கடலோரத்திலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில் எல்லாம் ஒரே ஊரில். அங்கிருந்து கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. பேருந்தில் கடல் இடது பக்கம் வரும், அந்தப் பக்க சன்னலோரத்தைப் பிடியுங்கள்.

விலக்கில் வண்டிக்கு நிற்கும்போது பெரும்பாலும் மீன்கூடையோடு இரண்டு மூன்று அக்காமார் நிற்பார்கள். நடத்துனர் கூடையைப் பின்னால் வைக்கச் சொல்லுவார், அவர்கள் வைப்பார்கள், பேச்சு தொடங்கிவிடும். "கோயிலுக்கு வந்தியளா, சும்மா பார்க்க வந்தியளா?" என்று உங்களிடமும் கேட்பார்கள். ராத்திரி தங்கினோம் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள்.